வீட்டிலிருந்தே இணையம் வழியாகப் பணத்தை நிர்வகிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நோட்டாக எண்ணிக் கொடுக்கும்போது பணம் குறைவது கைக்குத் தெரியும். பர்ஸ் மெலிந்துகொண்டே வரும், மாதக் கடைசியில் அதைத் திறக்கவே யோசனையாக இருக்கும். திரையைத் தொட்டுக் கொடுக்கும்போது அப்படி எதுவும் தெரிவதில்லை. பத்து கொடுத்தாலும் பத்தாயிரம் கொடுத்தாலும் விரலுக்கு ஒரே அசைவுதான். இணையம் வந்தபிறகு பணத்தை அனுப்புவது மிகவும் எளிதாகிவிட்டது, ஆனால் அது போவதைப் பார்ப்பது கடினமாகிவிட்டது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளப்பதற்கு முதலில் கண்ணில் பட வேண்டுமே. இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அதற்காகத்தான்: கண்ணுக்கு மறைந்துபோன பணத்தை மறுபடி கண்முன் கொண்டுவருவது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காதீர்கள். முதல் இரண்டு படிகளை ஒரு விடுமுறை நாளில் செய்யுங்கள். மீதியை ஒரு மாதத்தில் மெல்ல முடித்துவிடலாம்.

படி 1: முதலில் கதவுகளைப் பூட்டுங்கள்

வங்கிக் கணக்குக்கும் முன்னால் பத்திரப்படுத்த வேண்டியது உங்கள் மின்னஞ்சல். பலருக்கு இது தோன்றுவதில்லை. பெரும்பாலான சேவைகளில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று அழுத்தினால் புதியதை அமைக்கும் லிங்க் எங்கே வருகிறது? மின்னஞ்சலுக்குத்தான். அது ஒருவர் கையில் சிக்கினால் மற்ற கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போவார்.

பாஸ்வேர்டு விஷயத்தில் நமக்குச் சொல்லித்தரப்பட்டதில் பாதி பழசாகிவிட்டது. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று, அப்புறம் 90 நாளைக்கு ஒருமுறை மாற்று என்பார்கள். அப்படி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவைப்பார்கள், திருடுபவருக்கும் அது தெரியும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. நீளம்தான் பலம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்தால் மனதில் நிற்கும், கணினியால் ஊகிப்பதும் கடினம். ஆனால் சொற்களை நீங்களே யோசித்து எடுக்காதீர்கள். மனம் தேர்ந்தெடுக்கும் சொற்களில் எப்போதும் ஒரு தொடர்பு இருக்கும். புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பல இடங்களில் பிரித்து, விரல் படும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒன்றே ஒன்றை மனப்பாடம் செய்தால் போதும். அதை வைத்து ஒரு பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் அதுவே தனித்தனிப் பாஸ்வேர்டு உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும். இதில் இன்னொரு நன்மை உண்டு. போலித் தளத்துக்குப் போய்விட்டால் மேனேஜர் பாஸ்வேர்டை நிரப்பாது. முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதை உங்கள் கண் தவறவிட்டாலும் அது தவறவிடாது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் அது நிரப்ப மறுத்தால் நின்று பாருங்கள்.

அடுத்தது இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றையும் கேட்பது. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி, எதுவுமே இல்லாமல் இருப்பதைவிட மேல். ஆனால் உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புது சிம் வாங்கிவிட்டால் அந்த ஓடிபி அவருக்குப் போகும். இதற்குத்தான் சிம் ஸ்வாப் மோசடி என்று பெயர். வாய்ப்புள்ள இடங்களில் எல்லாம் ஆத்தென்டிகேட்டர் ஆப் பயன்படுத்துங்கள். அதில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் உங்கள் கருவிக்குள்ளேயே உருவாகிறது, செல்பேசி எண்ணோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. பாஸ்வேர்டுக்குப் பதிலாக விரல்ரேகையோ போன் பூட்டோ கொண்டு உள்ளே நுழையும் பாஸ்கீ வசதி இருந்தால் அது இன்னும் நல்லது, போலித் தளத்தில் அது வேலையே செய்யாது. எதை அமைத்தாலும் அப்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிப் பத்திரமான இடத்தில் வையுங்கள். போன் தொலைந்த அன்றைக்கு உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் காகிதம்தான்.

மீதியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கணினியிலும் போனிலும் அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். வீட்டு வைஃபை ரவுட்டருடன் வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். வங்கி ஆப்பை அதிகாரபூர்வ ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். டிராய் ஹன்ட் என்ற இணையப் பாதுகாப்பு வல்லுநர் 2013ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' (Have I Been Pwned) தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்துப் பாருங்கள். அது எந்தெந்தத் தகவல் கசிவுகளில் சிக்கியிருக்கிறது என்று காட்டும், அந்தக் கணக்குகளின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள்.

படி 2: எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஒரு ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள், எக்செல் ஆனாலும் கூகுள் ஷீட்ஸ் ஆனாலும் சரி. இடது பக்கம் உங்களிடம் இருப்பது: ஒவ்வொரு வங்கிக் கணக்கிலும் உள்ள இருப்பு, வைப்புத்தொகை, முதலீடு, ஓய்வுக்கால நிதி, வாலட்களில் தூங்கிக்கொண்டிருக்கும் சில்லறை. வலது பக்கம் நீங்கள் தர வேண்டியது: கடன்கள், கிரெடிட் கார்டு பாக்கி, தவணையில் வாங்கிய பொருள், தெரிந்தவர்களிடம் கைமாற்றாக வாங்கியது. ஒவ்வொரு கடனுக்கும் பக்கத்திலேயே வட்டி விகிதத்தையும் எழுதுங்கள்.

இடதிலிருந்து வலதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் நிகர மதிப்பு. அது கழித்தல் குறியோடு வந்தாலும் கலங்க வேண்டாம், இன்றைய தேதியைப் போட்டு எழுதிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே தாளில் பக்கத்துப் பத்தியில் புதிய எண்களை எழுதிவந்தால், போகிற திசை தெரிந்துவிடும். சம்பளம் கூடியும் நிகர மதிப்பு நகராமல் நிற்பதை இந்தத் தாள் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

எழுதும்போதே பயன்படாத கணக்குகள் கண்ணில் படும். அவற்றை மூடிவிடுங்கள். கவனிக்காமல் கிடக்கும் கணக்கு என்பது ஆள் காவல் இல்லாத பின்வாசல் மாதிரி.

படி 3: மூன்று மாத ஸ்டேட்மென்ட்டைப் படியுங்கள்

செலவைக் கட்டுப்படுத்தத் திட்டம் போடுவதற்கு முன்னால், இதுவரை என்ன செலவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலானோர் இதைத் தாண்டிப்போய் நேராகத் திட்டத்துக்குப் போகிறார்கள், இரண்டே மாதத்தில் அதைக் கைவிடுகிறார்கள். நம் செலவைப் பற்றி நாமே செய்யும் ஊகம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

வங்கியின் இணையதளத்தில் ஸ்டேட்மென்ட்டை இறக்கும்போது பிடிஎஃப்போடு சிஎஸ்வி அல்லது எக்செல் வடிவமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையே எடுங்கள், அப்படியே ஷீட்டில் திறக்கும். எல்லாக் கணக்குகளின் மூன்று மாத வரிகளையும் ஒரே ஷீட்டில் ஒட்டுங்கள். பக்கத்தில் 'வகை' என்று ஒரு பத்தி சேர்த்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு சொல் எழுதுங்கள்: வாடகை, மளிகை, பயணம், மருத்துவம், படிப்பு, சந்தா, வெளியே சாப்பாடு, கடன், மற்றவை. பத்துப் பன்னிரண்டு வகைக்கு மேல் போகாதீர்கள். நாற்பது வகை வைத்தால் இரண்டாவது வாரமே சலித்துவிடும். பிறகு ஷீட்டில் இருக்கும் 'சம்இஃப்' (SUMIF) என்ற சூத்திரமோ பிவட் டேபிள் (Pivot Table) வசதியோ ஒவ்வொரு வகையின் கூட்டுத்தொகையையும் தந்துவிடும். உங்கள் இரண்டு கணக்குகளுக்கிடையே மாற்றிய பணத்தையும், கார்டு பில்லுக்குக் கட்டியதையும் செலவில் சேர்த்துவிடாதீர்கள். கார்டில் வாங்கிய பொருளை ஒருமுறையும் அதன் பில்லை இன்னொரு முறையும் எண்ணியதாக ஆகிவிடும்.

வகைகளைத் தானாகவே பிரித்துத் தரும் ஆப்கள் உண்டு. அவை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் மூன்று மாதத்தைக் கையால் செய்யுங்கள். இலவச சோதனைக்காகச் சேர்ந்த ஒரு சேவை என் கார்டில் பதினான்கு மாதம் பணம் எடுத்துக்கொண்டிருந்ததை நான் கண்டுபிடித்தது இப்படி ஒவ்வொரு வரியாகப் படித்தபோதுதான். அதற்கு முன் நான் வைத்திருந்த ஆப் அதை ஒவ்வொரு மாதமும் 'பொழுதுபோக்கு' என்ற கட்டத்தில் அழகாகப் போட்டுவந்தது. கணக்கு சரியாகத்தான் இருந்தது, பார்க்க வேண்டிய கண்தான் இல்லை.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. மூன்று மாதத்தில் தென்படாத செலவுகள் உண்டு: ஆண்டுக்கு ஒருமுறை வரும் காப்பீட்டு பிரீமியம், கட்டணம், வரி, வண்டிப் பராமரிப்பு. இவற்றைத் தனியாகப் பட்டியலிட்டுக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். அந்தத் தொகை மாதாமாதம் தனியாக ஒதுங்க வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் திடீர்ச் செலவு வருகிறது.

படி 4: பணம் ஓட வாய்க்கால் வெட்டுங்கள்

ஒரே கணக்கில் எல்லாப் பணமும் கிடந்தால் இருப்பு எப்போதும் அதிகமாகத் தெரியும். வாடகைக்கு வைத்ததும் சேமிப்புக்கு நினைத்ததும் செலவுக்கான பணம் போலவே நிற்கும். மூன்று கணக்குகளாகப் பிரித்தால் பார்வை தெளிவாகும். முதல் கணக்கில் சம்பளம் வந்து விழும், வாடகை, கடன் தவணை, பில்கள் எல்லாம் அங்கிருந்தே தானாகப் போகும். இரண்டாவது அன்றாடச் செலவுக்கு. கார்டும் போன் பேமென்ட் ஆப்பும் இதோடு மட்டும் இணைந்திருக்கட்டும். மூன்றாவது சேமிப்பு. அதற்குக் கார்டு வேண்டாம், முடிந்தால் போனிலும் வேண்டாம்.

சம்பளம் வந்த மறுநாளே சேமிப்புக்கும் அன்றாடக் கணக்குக்கும் தானாக மாறும்படி நிரந்தர உத்தரவு போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று இருந்தால் மிஞ்சவே மிஞ்சாது.

இந்த இரண்டாவது கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. ஏமாற்றுக்காரர் கையில் உங்கள் பேமென்ட் ஆப் சிக்கினாலும் போவது அதில் இருக்கும் தொகை மட்டும்தான்.

எவ்வளவு ஒதுக்குவது? தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கும் கடனுக்கும் 20 என்று நூற்றுக்குக் கணக்குச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தொடங்குவதற்கு அது வசதிதான், சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வருமானத்தில் 70 பங்கு வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே போகும் வீட்டில் அந்தக் கணக்கு குற்ற உணர்வைத்தான் தரும். அப்படியானால் நூற்றில் இரண்டோடு தொடங்குங்கள். வாய்க்கால் வெட்டியிருந்தால் போதும், பிறகு தண்ணீரைக் கூட்டிக்கொள்ளலாம். மூன்று முதல் ஆறு மாத அத்தியாவசியச் செலவு சேமிப்பில் சேரும்வரை அதைத் தொடாதீர்கள். வேலை போனாலோ உடம்பு படுத்தாலோ அதிக வட்டிக்குக் கையேந்தாமல் காப்பது அந்தத் தொகைதான்.

படி 5: எதைத் தானாக விடுவது, எதை விடக்கூடாது

மாறாத தொகைகளை ஆட்டோ டெபிட்டில் போடலாம்: வாடகை, கடன் தவணை, காப்பீடு. தாமதக் கட்டணம் மிச்சம். மாறும் தொகைகளுக்கு, குறிப்பாக கிரெடிட் கார்டு பில்லுக்கு, 'முழுத் தொகை' என்று தேர்ந்தெடுங்கள். சில இடங்களில் 'குறைந்தபட்சத் தொகை' என்பது முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும். அந்த ஒரு டிக் எவ்வளவு தின்னும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

பாக்கி 1,000, மாத வட்டி நூற்றுக்கு 3 என்று வைத்துக்கொள்வோம். மூன்று என்றால் சின்னதாகத் தெரியும், ஆனால் வட்டிக்கு வட்டி சேர்த்தால் ஆண்டுக்கு 42.6 சதவீதம். குறைந்தபட்சமாகப் பாக்கியில் 5 சதவீதம் மட்டும் கட்டிவந்தால், புதிதாக எதுவுமே வாங்காவிட்டாலும், 32 மாதத்துக்குப் பிறகும் ஏறக்குறைய பாதிக் கடன் அப்படியே நிற்கும். கடன் குறையக் குறையக் கட்டும் தொகையும் குறைந்துகொண்டே போவதுதான் காரணம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாதமும் மாறாமல் 60 கட்டினால்? 24 மாதத்தில் முழுக் கடனும் முடிந்துவிடும். முதல் மாதத்தில் வட்டி சேர்ந்து 1,030 ஆகும் பாக்கியில் 5 சதவீதம் 51.50, ஆக இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் எட்டரைதான். உங்களுக்குக் கார்டு பாக்கி இருந்தால் இன்றே அந்த ஆட்டோ டெபிட் அமைப்பைத் திறந்து பாருங்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

கடன் பல இருந்தால், எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு, மிச்சம் முழுவதையும் வட்டி அதிகமான கடன்மேல் போடுவதுதான் கணக்குப்படி லாபம். சின்னக் கடனை முதலில் அடைத்தால் மனதுக்குத் தெம்பு வரும் என்பவர்களும் உண்டு. வட்டிகளில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் அதுவும் சரிதான்.

படி 6: வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம், மாறாமல். எல்லாக் கணக்குகளையும் திறந்து, அந்த வாரத்தின் ஒவ்வொரு வரியையும் படித்து, வகையை எழுதுங்கள். 'இது நான்தானா?' என்று ஒவ்வொரு வரியையும் கேளுங்கள். திருடிய கார்டு விவரம் வேலை செய்கிறதா என்று முதலில் மிகச் சின்னத் தொகை எடுத்துச் சோதித்துப் பார்ப்பது மோசடிக்காரர்களின் வழக்கம், அதனால் சில்லறைத் தொகை என்று எதையும் கடந்துபோகாதீர்கள்.

வீட்டில் சேர்ந்து செலவு செய்பவர் இருந்தால் அவரும் பக்கத்தில் உட்காரட்டும். யார் செலவு என்று விசாரணையாக ஆகிவிட்டால் அடுத்த வாரம் ஒருவரும் வரமாட்டார்கள். எண்களை வாசியுங்கள், வரப்போகும் வாரத்தில் என்ன இருக்கிறது என்று பேசுங்கள், போதும்.

படி 7: முதலீடு

கையிருப்பு சேர்ந்து, அதிக வட்டிக் கடன் அடைந்த பிறகுதான் இது. பணத்தைச் சும்மா வைத்திருந்தாலும் நஷ்டம்தான் என்பதற்கு 72ஐ வகுக்கும் பழைய கணக்கு உதவும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 72ஐ ஆறால் வகுக்க 12, அதாவது ஏறக்குறைய 12 ஆண்டுகளில் பணத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும்.

எதில் போடுவது என்று இங்கே சொல்லமாட்டேன், அது உங்கள் வயதையும் நாட்டின் வரிச் சட்டத்தையும் பொறுத்தது. ஆனால் எதில் போட்டாலும் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். 100ஐப் போட்டு 30 ஆண்டு விட்டால், ஆண்டுக்கு 7 சதவீதத்தில் 761 ஆகும். ஒரு சதவீதம் கட்டணமாகப் போய் 6 சதவீதமே கிடைத்தால் 574. விளம்பரத்தில் கண்ணுக்கே தெரியாத அளவில் எழுதப்பட்டிருக்கும் அந்த ஒன்று, முடிவில் நான்கில் ஒரு பங்கைக் கொண்டுபோகிறது. பணம் வாங்கும் நிறுவனம் உங்கள் நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவு பெற்றதா என்பதை அந்த அமைப்பின் தளத்திலேயே தேடிப் பார்த்த பிறகுதான் ஒரு காசாவது அனுப்ப வேண்டும். உறுதியான லாபம் என்று சொன்னாலே விலகிவிடுங்கள்.

படி 8: ஏமாற்றுக்காரர்களை அடையாளம் காண்பது

ஏமாந்தவர்கள் அறிவில்லாதவர்கள் என்று நினைப்பது பெரிய தவறு. மோசடி குறிவைப்பது அறிவை இல்லை, அவசரத்தை. 'கணக்கு முடக்கப்படும்', 'பார்சலில் சட்டவிரோதப் பொருள்', 'உங்கள் மகன் விபத்தில்' என்று ஒரு பயத்தையோ ஆசையையோ கிளப்பி, யோசிக்க நேரம் தராமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். போனை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே என்பார்கள். இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டாலே அது மோசடி என்று முடிவு செய்துவிடலாம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். போனை வையுங்கள். பிறகு கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். அழைத்தவர் கொடுத்த எண்ணோ தேடலில் முதலில் வரும் எண்ணோ வேண்டாம், தேடல் விளம்பரங்களிலும் போலி எண்கள் இருக்கும். திரையைப் பகிரச் சொன்னாலோ ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலோ அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். ஓடிபி என்பது உங்கள் கையெழுத்து, வங்கி ஊழியருக்கும் அது தேவைப்படாது. முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பான தளம் என்று பலர் நம்புகிறார்கள். தகவல் வழியில் மறைகுறியாக்கம் ஆகிறது என்பதுதான் அதன் பொருள், எதிர்முனையில் இருப்பவர் நல்லவர் என்று பொருள் இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் கூகுள் குரோம் 2023ல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

அப்படியும் பணம் போய்விட்டால்? வெட்கப்பட்டு மறைப்பதில்தான் பெரும் நேரம் வீணாகிறது. உடனே வங்கியை அழைத்துக் கணக்கையும் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து காவல்துறையின் சைபர் பிரிவு. போன பணம் வேறு கணக்குகளுக்குப் பிரிந்துபோவதற்குள் தடுத்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. மெசேஜ்களை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பாஸ்வேர்டை மாற்றுவதை மோசடி நடந்த கருவியில் செய்யாமல் வேறு கருவியில் செய்யுங்கள். சில நாள் கழித்து 'பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று ஒருவர் வரலாம். அவர் இரண்டாவது திருடர்.

படி 9: நீங்கள் இல்லாத நாளுக்கு ஒரு கவர்

எல்லாம் இணையத்துக்குள் போனபிறகு வீட்டில் பாஸ்புக் இல்லை, பத்திரம் இல்லை, தபாலில் வரும் கடிதமும் இல்லை. ஒருவர் திடீரென்று படுத்துவிட்டால் எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று குடும்பத்துக்கு எதுவுமே தெரியாது. துக்கத்தின் நடுவே ஒரு குடும்பம் மாதக்கணக்கில் மின்னஞ்சலைத் துழாவிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு கணக்கிலும் வாரிசு நியமனம் செய்யப்பட்டிருக்கிறதா என்று இணையத்திலேயே பாருங்கள், திருமணத்துக்குப் பிறகோ இழப்புக்குப் பிறகோ பழைய பெயரே இருக்கலாம். பிறகு ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: எந்தெந்த நிறுவனத்தில் கணக்கு, காப்பீடு எது, கடன் எது, தானாகப் போகும் கட்டணங்கள் எவை, மீட்புக் குறியீடுகள் எங்கே இருக்கின்றன. பாஸ்வேர்டுகளை இதில் எழுத வேண்டாம். உங்கள் பாஸ்வேர்டு மேனேஜரில் அவசர அணுகல் வசதி இருந்தால் நம்பிக்கையான ஒருவரை அதில் சேர்த்துவிடுங்கள்.

காகிதத்தைக் கவரில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அடுத்த வருடம் அதே தேதியில் அதைப் பிரித்துப் பாருங்கள், இரண்டு மூன்று வரியாவது மாறியிருக்கும்.